ஐதரசன் என்னிடம், ஒட்சிசன் அவனிடம்

வடிகட்டி இரண்டு வாங்க எங்கள் இருவருக்கும் வசதியில்லை.
ஆகவே ஐதரசன் உப்புவெளியில்,
ஒட்சிசன் கிண்ணியாவில்,
கந்தகம் இன்னும் கடையில்.

ஆடி மாதம். கச்சான் காற்று
மாலை முழுக்க மணலை எறிந்துவிட்டு
பதினொரு மணிக்குக் களைத்துப் படுக்கும்.
அதற்குப் பிறகுதான் தனுசு எங்களுக்கு.
மொட்டைமாடியில் நான், உப்பாற்றங்கரையில் ரிப்னாஸ்.
இரண்டு குழாயும் பார்ப்பது ஒரே நெபுலாவை.
களப்பு என்று அதற்குப் பேர்.
மீனில்லை, இறாலில்லை, கண்டலில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டு நடந்து வருகிற வெளிச்சம்.

பகலில் நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்.
சாம்பல் நிறம்தான் என் சீவியம்.
மூச்சைப் பிடியுங்கோ, அசையாதேங்கோ, சரி, விடுங்கோ.
விலா எலும்புக்கு எவரும் வர்ணம் கேட்டதில்லை,
சல்லியிலிருந்து வந்த சம்மாட்டி கோணாமலையரைத் தவிர:
"இதில கலர் வராதோ பிள்ளை?"

கிண்ணியா பஸ் கொண்டக்டரின் சட்டைப்பையில்
நாற்பத்துமூன்று ஒட்சிசன் படங்கள் பாலம் கடந்து வந்தன.
திறந்தால் கறுப்பு. கறுப்பின் மேல் தூசி.
வரைபடத்தின் இடது மூலையில் ஒட்டிக்கிடந்த மேட்டை
மெல்ல மெல்ல வலப்பக்கம் இழுக்க,
நீர் வற்றிய பிறகு தெரியும் சேற்றுத் திட்டுப்போல
ஏதோ ஒன்று.

முப்பத்தோராவதில் ஒவ்வொரு வெள்ளிக்கும் வால்.
கேட்டேன்.
"அது நுஸ்ரா. பிளேன்டீ கொண்டு வந்தவ,
முக்காலியில கால் தட்டுப்பட்டிட்டு."
முழு வானத்திலும் ஆயிரம் கொக்கி
ஒரே பக்கம் வளைந்து கிடந்தது,
ஒருத்தி இருட்டில் திடுக்கிட்ட அளவுக்கு.
அசைந்த எக்ஸ்ரேயை நீக்குகிற அதே விரலால்
அதை நீக்கினேன்.

மென்பொருளுக்கும் அதுதான் சட்டம்.
ஒரு படத்தில் மட்டும் வந்தது, வந்ததே இல்லை.
சீனக்குடாவில் இறங்கிய விமானம் வரவில்லை.
செய்மதி வரவில்லை.
கடற்கரை ஹோட்டலின் வாணவேடிக்கை வரவில்லை.
எல்லாவற்றிலும் வந்தது மட்டும் வந்தது.
அந்தச் சட்டத்தைப் பற்றிக்
கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கரண்ட் போனது.

மறுநாள் கலவை.
சிவப்புக்கு என் ஐதரசன்,
பச்சைக்கும் நீலத்துக்கும் அவன் ஒட்சிசன்.
கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி வந்திறங்கியதுபோல்
ஐதரசன் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.
ஒட்சிசனைத் தூக்கினேன். இன்னும் தூக்கினேன்.
நடுவில், இளம் வெள்ளிகளைச் சுற்றி,
நிலாவெளியில் காலை பத்து மணிக்கு
முருகைக்கல் மேல் கிடக்கும் தண்ணீர்.

அழகு. அழகுதான்.
ஆனால் அது அங்கே இருந்ததா,
நான் நிலாவெளியில் குளித்தவள் என்பதால் வந்ததா?

"கூட்டிப் போட்டீங்க," என்றான் ரிப்னாஸ்.
"புறாக்கழுத்து மாதிரி இருக்கணும்.
திரும்பினாத்தான் நிறம் தெரியணும்."
ஒரு வாரம் சண்டை. அவன் குறைப்பான், நான் கூட்டுவேன்.
களப்பு ஐந்து. களப்பு கடைசி.
களப்பு உண்மையான கடைசி.

தூக்கிய இடமெல்லாம் மணல்மணலாய் இரைச்சல்.
ஒரே சொடுக்கில் மழமழப்பாக்கலாம்.
ஆக்கினேன்: பிளாஸ்டிக் வாளி.
திரும்பவும் மணலுக்கே வந்தேன்.
போதாத இரவுகள் போதாமலே தெரியட்டும்.

ஆவணியில் கோணாமலையர் மறுபடி வந்தார்,
இருமல் கொஞ்சம் குறைந்திருந்தது.
கலர் கேட்டவராயிற்றே என்று போனைக் காட்டினேன்.
"என்ர நெஞ்சோ?"
இல்லை ஐயா, களப்பு.
கண்ணைச் சுருக்கி, போனைத் தள்ளிப் பிடித்து,
ஆற்றுவாயை நோட்டம் விடுகிறவர்போலப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"கலர் எல்லாம் சரி பிள்ளை.
ஆழம் எவ்வளவு?"

தெரியாது என்றேன்.
தட்டில் நாடியை வையுங்கோ.
மூச்சைப் பிடியுங்கோ.